புது பேட்டரி வாங்குவதற்கு முன்: பழைய மோட்டார் சைக்கிள்களில் சார்ஜ் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?



நமது அறக்கட்டளைக்கு வரும் வட்டியில்லாக் கடன் மனுக்களில் மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, மழைக்கு முன் வீட்டுக் கூரை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இப்போது அடிக்கடி வருவது வண்டிச் செலவு. அதிலும் "பேட்டரி போய்விட்டது, புதிது மாற்ற வேண்டும்" என்ற மனு. கொடுக்கிறோம். ஆறேழு மாதம் கழித்து அதே சகோதரர், அதே வண்டி, அதே காரணம். சிறிய பேட்டரிதான், ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். ஆனால் தோட்டக் கூலியிலும் பச்சைத் தேயிலை விற்ற காசிலும் குடும்பம் நடத்துபவருக்கு அது சில நாள் சம்பளம். ஒரே வண்டி ஒரு வருடத்தில் இரண்டு பேட்டரியைத் தின்கிறது என்றால் நோய் பேட்டரியில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

பணம் மட்டும் இருந்தால் இதை இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். கூடலூரிலிருந்து ஓவேலிக்கு வரும் சாலை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் தேயிலை, தெருவிளக்கு இல்லாத வளைவுகள், ஜூன் தொடங்கிவிட்டால் மழையும் மூடுபனியும். யானை தாக்கி இறந்தவர்களின் வீட்டு வாசலில் நின்று திரும்பியவர்கள் நம்மில் பலர். மஃரிபுக்குப் பிறகு சூண்டியிலிருந்தோ எல்லமலையிலிருந்தோ பெரியசோலையிலிருந்தோ புறப்படும் ஒருவருக்கு ஹெட்லைட்டும் ஹாரனும்தான் துணை. வளைவில் நிற்கும் யானை முப்பதடி தூரத்தில் தெரிவதற்கும் ஐந்தடியில் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம், பல நேரம் துருப்பிடித்த ஒரு வயர்தான்.

கல்லூரியில் இயற்பியல் படித்தது ஒருபுறம் இருக்க, கூடலூரில் நீண்ட காலமாக வயரிங் வேலை பார்க்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிசெய்யச் சொல்லவில்லை. எது கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் போதும்.

மின்சாரம் வரும் வழி

எஞ்சின் சுற்றும்போது அதனுடன் ஒரு காந்தச் சக்கரமும் சுற்றுகிறது. மெக்கானிக்குகள் இதை மேக்னட் என்பார்கள். அதற்குள் செம்புக் கம்பி சுற்றிய காயில் பிளேட் அசையாமல் இருக்கிறது. காந்தம் சுற்றச் சுற்ற காயிலில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தத்துவம்தான், பைக்காரா மின்நிலையத்தில் நடப்பதும் அதுதான். ஆனால் இது வீட்டு மின்சாரம் போல மாறுதிசை மின்சாரம், அதாவது ஏ.சி. பேட்டரிக்குத் தேவை நேர்திசை மின்சாரம், டி.சி. தவிர, எஞ்சின் வேகம் கூடக் கூட காயிலின் வோல்ட்டும் கூடிக்கொண்டே போகும். இரண்டையும் அடக்குவது ஒரு சின்ன அலுமினியப் பெட்டி. ரெகுலேட்டர், ரெக்டிஃபையர், ஆர்.ஆர். யூனிட் என்று பல பெயர் அதற்கு. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றுவதும், வோல்ட் எல்லை தாண்டாமல் பிடித்து நிறுத்துவதும் அதன் வேலை. அங்கிருந்து பியூஸ் வழியாக பேட்டரிக்கு.

ஆக காயில், ரெகுலேட்டர், வயரும் கப்ளரும், பியூஸ், பேட்டரி என்று ஐந்து இடம். பலர் கடைசியில் இருக்கும் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம். தொட்டியில் தண்ணீர் இல்லை என்றால் தொட்டியை மாற்றுவோமா, குழாயைப் பார்ப்போமா?

உங்கள் ஹெட்லைட் எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஹெட்லைட் சுவிட்சைப் போடுங்கள். விளக்கு எரிந்தால் அது பேட்டரியில் எரிகிறது. எரியாமல், எஞ்சின் ஓடும்போது மட்டும் எரிந்தால் அது காயிலிலிருந்து நேரடியாக வரும் ஏ.சி. விளக்கு.

1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர், அதற்கு முன்பே 1985-ல் வந்த சி.டி.100 போன்ற பழைய 100 சிசி வண்டிகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. இவற்றில் வண்டி மெதுவாகப் போகும்போது விளக்கு மங்குவதும், ஆக்சிலேட்டரை முறுக்கினால் பளிச்சென்று ஆவதும் கோளாறே அல்ல. அதன் பிறவி அப்படி. "லைட் டல்லாக இருக்கிறது, பேட்டரி வீக்" என்று யாராவது சொன்னால் இந்த வண்டிகளுக்கு அது பொருந்தாது. புது பேட்டரி போட்டாலும் ஹெட்லைட் ஒரு துளி கூடக் கூடாது. மங்கல் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் பல்ப், ஹோல்டர், டிம்-பிரைட் சுவிட்ச், எர்த் வயர், காயிலின் விளக்குப் பகுதி ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் ஆகியவை மட்டும் பேட்டரியை நம்பி இருக்கும்.

ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் எஞ்சினின் ஸ்பார்க்குக்கும் பேட்டரி தேவையில்லை. பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் கிக்கரில் ஸ்டார்ட் ஆகிவிடும். பாயிண்ட் வைத்த பழைய புல்லட்டில் கதை வேறு. அதன் இக்னிஷன் பேட்டரியில் ஓடுவது, சார்ஜ் ஏறாமல் ஓட்டிக்கொண்டே போனால் நடுக்காட்டில் எஞ்சினே நின்றுவிடும். திருவொற்றியூரில் தயாரான அந்தப் பழைய புல்லட்டுகளில் ஹெட்லைட் மேல் ஒரு ஆம்மீட்டர் இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். ஓடும்போது முள் நடுவிலோ கூட்டல் பக்கமோ இருந்தால் நலம். நல்ல வேகத்திலும் கழித்தல் பக்கமே சாய்ந்திருந்தால் பேட்டரி கரைந்துகொண்டிருக்கிறது, வீடு போய்ச் சேர விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு எளிதாக நோயைச் சொல்லும் கருவியைப் புது வண்டிகளில் எடுத்துவிட்டார்கள் என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

2017 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரியும்படி சட்டம் வந்துவிட்டது. இந்தக் கட்டுரை அதற்கு முந்தைய வண்டிகளைப் பற்றியது.

மீட்டர் இல்லாமல் ஒரு சோதனை

இருட்டிய பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஸ்லோவில் விடுங்கள். பிரேக் பெடலை அழுத்தியபடி பின்னால் சுவரில் விழும் சிவப்பு வெளிச்சத்தை ஒரு பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது ஆக்சிலேட்டரை மெல்ல முறுக்குங்கள். வெளிச்சம் கொஞ்சம் கூடினால் பேட்டரிக்குச் சார்ஜ் போகிறது. அசையவே இல்லை என்றால் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். ஹாரனையும் இதே முறையில் கேட்டுப் பார்க்கலாம். இது சந்தேகத்தைத் தருமே தவிர முடிவைத் தராது. முடிவுக்கு மீட்டர் வேண்டும்.

மீட்டரோடு

சந்தையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும். டி.சி. வோல்ட்டில் 20 என்ற இடத்தில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் கழித்தலில், சிவப்பு முனை கூட்டலில். சிவப்பு வயர் மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் செருகியிருக்கக் கூடாது. அப்படி வைத்து வோல்ட் பார்த்தால் பேட்டரியை ஷார்ட் செய்ததாகிவிடும்.

முதலில் ஓய்வு வோல்ட். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் பாருங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். நன்றாகச் சார்ஜ் செய்த பிறகும் 10.5 அளவிலேயே நின்றால் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது. ஒவ்வொரு அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும், கணக்கு நேராக வரும். அந்தப் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும், தயங்க வேண்டாம். பேட்டரியின் மேல் மூன்று மூடிதான் இருந்தால் அது 6 வோல்ட் வண்டி, இங்கே சொல்லும் எண்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எஞ்சின் ஓடும்போது. ஸ்டார்ட் செய்து, நடு வேகத்துக்கு முறுக்கிப் பிடித்து அதே இரண்டு டெர்மினலில் பாருங்கள். 13.5-க்கும் 14.8-க்கும் இடையில் வந்தால் சார்ஜிங் சரி. சிறிய வண்டிகளில் ஸ்லோவில் இது வராது, முறுக்கினால்தான் வரும். ஓய்வு வோல்ட்டை விட எண் ஏறவே இல்லை, அல்லது இறங்குகிறது என்றால் சார்ஜ் போகவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று பொருள். பல்ப் அடிக்கடி பீஸ் போவது, பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் வற்றுவது, சீட்டுக்கு அடியில் ஆசிட் வாடை, பேட்டரி வயிறு உப்புவது எல்லாம் இதன் அடையாளங்கள். பேட்டரி சாவதற்குப் பட்டினி மட்டும் காரணமல்ல, அதிகத் தீனியும் காரணம். இந்த வண்டியில் எத்தனை புது பேட்டரி போட்டாலும் ரெகுலேட்டரை மாற்றும்வரை அது வேக வைத்துக்கொண்டே இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். முற்றிலும் காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு இந்த இரண்டாவது சோதனையைச் செய்தால் முடிவு ஏமாற்றும். கெட்ட பேட்டரி வருகிற மின்சாரம் அத்தனையையும் விழுங்கி வோல்ட்டை ஏறவிடாது. முதலில் வெளியே சார்ஜ் செய்துகொள்ளுங்கள், அல்லது தெரிந்தவரின் நல்ல பேட்டரியைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

நம் மலையில் முதல் குற்றவாளி

சார்ஜ் போகவில்லை என்று தெரிந்ததும் காயிலையும் ரெகுலேட்டரையும் கழற்ற ஓடாதீர்கள். முதலில் பியூஸ். கண்ணாடிப் பியூஸ் என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, இரு முனையிலும் உள்ள பிடிப்பு தளர்ந்து பச்சை படிந்திருக்கும். பிறகு பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பூப்பு. கொஞ்சம் ஆப்பச்சோடாவை வெந்நீரில் கலந்து பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, காய வைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது.

அதற்கடுத்து எர்த். தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்கில் நனைந்து, சேற்றுத் தண்ணீர் தெறித்து, வெயிலே காணாத கொட்டகையில் நிற்கும் வண்டிகள் நம்முடையவை. எர்த் வயர் சேசிஸில் சேரும் போல்ட்டைச் சுற்றி துரு ஏறிவிடும். வெளியே பார்த்தால் வயர் உறுதியாக இருப்பது போலத் தோன்றும். கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் கழித்தலிலும் மறு முனையை எஞ்சின் பாடியில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் இடையில் எர்த் சரியில்லை. ரெகுலேட்டரிலிருந்து வரும் சிவப்பு வயருக்கும் பேட்டரியின் கூட்டலுக்கும் இடையிலும் இப்படியே பாருங்கள். அங்கும் 0.2, 0.3-க்கு மேல் போகக் கூடாது. அதிகம் காட்டினால் கப்ளரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பின்கள் பச்சையாகவோ கருகியோ இருக்கும்.

நான் மேலே சொன்ன மனுக்களில் ஒருவருடைய வண்டியை அந்த எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினோம். இரண்டு பேட்டரி மாறியிருந்த வண்டி. டேங்கைக் கழற்றியதும் ஒரு போல்ட்டுக்கு அடியில் துரு, பச்சை வயரின் கண்ணி பாதி அரிக்கப்பட்டிருந்தது. உப்புத்தாள் தேய்த்துப் புதுக் கண்ணி பிடித்து முடுக்கினார். அரை மணி நேர வேலை. மூன்றாவது பேட்டரிக்கான மனு அத்துடன் முடிந்தது.

காயிலும் ரெகுலேட்டரும்

மேற்சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் இல்லை என்றால் காயில் அல்லது ரெகுலேட்டர். காயிலிலிருந்து வரும் கப்ளரைப் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

மூன்று மஞ்சள் வயர் வரும் வண்டி என்றால் அது மூன்று பேஸ் காயில், பெரிய வண்டிகளில் இருப்பது. மீட்டரை ஓமில் வைத்து மூன்று ஜோடியாகப் பாருங்கள். மூன்றும் ஒரே அளவு, ஒரு ஓமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த மஞ்சளிலிருந்தும் எஞ்சின் பாடிக்குத் தொடர்பு இருக்கக் கூடாது. பிறகு மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி, எஞ்சினை ஓடவிட்டு அதே மூன்று ஜோடி. வேகம் கூடும்போது மூன்றிலும் எண் ஒரே சீராக ஏற வேண்டும். ஒன்று மட்டும் பின்தங்கினால் அந்தச் சுற்று எரிந்துவிட்டது.

ஸ்ப்ளெண்டர் குடும்ப வண்டிகளில் வேறு அமைப்பு. வெள்ளை வயர் பேட்டரி சார்ஜுக்கு, மஞ்சள் விளக்குக்கு, பச்சை எர்த், ரெகுலேட்டரிலிருந்து சிவப்பு பேட்டரிக்கு. இங்கே காயிலின் ஒரு முனை எஞ்சின் பாடியோடு சேர்ந்தே இருக்கும். ஆகவே வெள்ளை வயருக்கும் பாடிக்கும் இடையே தொடர்பு காட்டுவது இயல்பு. "காயில் பாடியில் அடிக்கிறது, மாற்ற வேண்டும்" என்று நல்ல காயிலைக் கழற்றி எறிவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. ஒரு ஓம் அளவில் காட்டினால் சரி. தொடர்பே காட்டாவிட்டால்தான் காயில் அறுந்திருக்கிறது.

காயில் நன்றாக இருக்கிறது, வயர்களும் சரி, சார்ஜ் மட்டும் இல்லை என்றால் மிஞ்சுவது ரெகுலேட்டர். வாங்கும்போது பழையதை எடுத்துப் போய், பின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் வண்டி மாடலையும் சொல்லி வாங்குங்கள். நான்கு பின் எல்லாம் ஒன்றல்ல, உள்ளே வயர் வரிசை மாறும். ஓசூரில் இந்தியா நிப்பான் எலக்ட்ரிக்கல்ஸ் போன்ற ஆலைகள் இதே பொருளைத் தரமாகச் செய்கின்றன. பெயர் இல்லாத பெட்டியில் பாதி விலைக்கு வருவதை வாங்கி மழைக்காலத்தில் மீண்டும் அலைய வேண்டாம். பொருத்தும்போது சேசிஸில் உலோகத்தோடு உலோகம் படும்படி இறுக்க வேண்டும். அதன் சூடு அந்த வழியாகத்தான் இறங்குகிறது. டேப் சுற்றி ஓரமாகத் தொங்கவிட்ட ரெகுலேட்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாமே சரி, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது

இதுவும் நடக்கும். சார்ஜிங் சோதனையில் 14 காட்டும், ஆனால் இரண்டு நாள் நின்றால் செல்ஃப் எடுக்காது. சாவியை அணைத்து, பேட்டரியின் கழித்தல் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியருக்கு மாற்றி அந்த வயருக்கும் டெர்மினலுக்கும் இடையில் வைத்துப் பாருங்கள். இந்தப் பழைய வண்டிகளில் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். ஏதாவது ஓடினால் எங்கோ கசிவு. அலாரம், சாவியைத் தாண்டி நேராக இழுத்த லைட், போன் சார்ஜர் இவைதான் முதல் சந்தேகம். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால் எண் எங்கே விழுகிறதோ அங்கே குற்றவாளி. மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள்.

அடுத்தது வரவு செலவுக் கணக்கு. கம்பெனி கொடுத்த ஹெட்லைட் பல்ப் பல வண்டிகளில் 35 வாட். வெளிச்சம் போதவில்லை என்று 60 வாட் அல்லது அதற்கும் மேல் போடுகிறோம். 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர். அதோடு இரண்டு ஃபாக் லைட், லாரி ஹாரன். காயில் கொடுப்பது பழைய அளவுதான். பேட்டரி விளக்கு வண்டியில் பேட்டரி இரவெல்லாம் சேமிப்பைக் கரைக்கும், ஏ.சி. விளக்கு வண்டியில் பெரிய பல்ப் இன்னும் மங்கலாகத்தான் எரியும். ஹோல்டரும் உருகும். யானைப் பயத்தில் வெளிச்சம் கூட்ட நினைப்பது நியாயமே. அதற்கு முதல் வழி கறுத்துப்போன ரிஃப்ளெக்டரை மாற்றுவது, எர்த்தைச் சரிசெய்வது, ஹெட்லைட்டின் சாய்வைச் சரிசெய்வது. பாதிக் குறை அதிலேயே தீரும்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றும் உண்டு. பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுவது. எஞ்சின் நின்றால் மேக்னட் நின்றது, சார்ஜ் நின்றது. பேட்டரி விளக்கு வண்டியில் அவ்வளவு தூரமும் பேட்டரியைக் கரைத்தபடி இறங்குகிறீர்கள். ஏ.சி. விளக்கு வண்டியில் ஹெட்லைட்டே இருக்காது. எஞ்சின் பிடிப்பும் இல்லாமல், வெளிச்சமும் இல்லாமல், மழையில் இறங்குவது. மிச்சமாகும் பெட்ரோல் அதற்கு ஈடாகுமா?

1969-ஆம் ஆண்டு கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலம் என்ற வழக்கில் சிக்கி, மின் இணைப்பே கிடைக்காத வீடுகள் நம் பகுதியில் இருக்கின்றன. அந்த வீடுகளில் சிலர் வண்டி பேட்டரியில் இரவு ஒரு எல்.இ.டி. விளக்கும் போன் சார்ஜும் எடுக்கிறார்கள். வேறு வழியில்லாதவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வண்டி பேட்டரி ஒரு நொடி அதிகமாகக் கொடுத்து உடனே திரும்பப் பெறுவதற்காகச் செய்தது, இரவு முழுக்கக் கரைவதற்காக அல்ல. பலமுறை அடிவரை காலியானால் உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து சார்ஜ் பிடிக்காமல் போகும். இப்படிப்பட்ட வீடுகளுக்குத் தனியாக ஒரு சிறு சோலார் விளக்கு வாங்குவது இரண்டு வண்டி பேட்டரியைக் கொல்வதைவிடச் செலவு குறைவு. அதற்கான மனுவை அறக்கட்டளை தாராளமாகப் பரிசீலிக்கும்.

செய்யக் கூடாதவை

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி "ஓடுகிறதா பார்" என்று சோதிப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. பேட்டரி விலகிய அந்தக் கணம் வோல்ட் எகிறி பல்பும் ரெகுலேட்டரும் எரியலாம். இரண்டு டெர்மினலையும் கம்பியால் உரசி நெருப்புப் பொறி பார்ப்பது அதைவிட மோசம். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருகிறது, பீடி நெருப்பே அதற்குப் போதும். பியூஸ் போன இடத்தில் சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளைச் சுற்றுபவர்கள், அடுத்து எரியப்போவது முழு வயரிங் என்று தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதோ அதே பியூஸ், சீட்டுக்கு அடியில் ஒன்று உபரியாக.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், பாட்டில் குடிநீர் என்றாலும் கூடாது, அவற்றில் தாது உப்பு இருக்கிறது. கோடு வரை ஊற்றினால் போதும். கழற்றும்போது கழித்தல் முதலில், மாட்டும்போது கழித்தல் கடைசியில். வெளியே சார்ஜ் செய்யக் கொடுத்தால் மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். பொதுவாக பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர், 2.5 ஆம்பியர்-அவர் பேட்டரிக்குக் கால் ஆம்பியர், பத்து மணி நேரத்துக்கு மேல். ஒரு மணி நேரத்தில் கார் சார்ஜரில் ஏற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புது பேட்டரி வாங்கும்போதும் முதல் சார்ஜை முழுமையாகச் செய்து வாங்குங்கள், தேதி போட்ட வாரண்டி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். வாரண்டி காலத்துக்குள் பேட்டரி போனால் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

மல்டிமீட்டர் ஒன்றை அறக்கட்டளை அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வந்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு ஒரு நாளைக்கு எடுத்துச் செல்லலாம். கட்டணம் இல்லை. இனி பேட்டரிக்காகக் கடன் மனு கொடுப்பவர்கள் மனுவுடன் மூன்று எண்களை எழுதித் தரும்படி நிர்வாகக் குழு கேட்டுக்கொள்கிறது: காலையில் சாவி போடுமுன் எத்தனை வோல்ட், எஞ்சினை முறுக்கும்போது எத்தனை வோல்ட், பேட்டரி கழித்தலுக்கும் எஞ்சின் பாடிக்கும் இடையில் எத்தனை வோல்ட். மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் வண்டியையே கொண்டுவாருங்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள் பார்த்து எழுதித் தருவார்கள். முதல் நாள் இரவே வண்டியை நிறுத்திவிட்டு, காலை எண்ணை மட்டும் வீட்டில் எடுத்து வந்தால் வேலை சுலபம்.